அரிய நோயும் அலட்சியமும்

வாய்ப்புண் வராதவர் எவரும் இலர். சூடான உணவு பட்டாலோ கன்னத்தைக் கடித்துக்கொண்டாலோ உண்டாகும் புண், பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் ஆறிவிடும். அதற்குப் பின்னும் ஆறாத புண்ணையும் கரையாத கட்டியையும் நாம் சாதாரணமாக எண்ணிவிடக்கூடாது.

வாயில் தோன்றும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது, வாயின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய படலத்தில் உருவாகின்றன. புகைபிடித்தல், மது அருந்துதல், வெற்றிலைப் பாக்கு மெல்லுதல் ஆகிய பழக்கங்களே இவற்றிற்கு முக்கியக் காரணங்கள். ஆனால், அப்படலத்தின் அடியிலுள்ள தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக் குழாய் ஆகிய மென்திசுக்களிலும் மிக அரிதாகப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. இதனைச் 'சர்கோமா' என்பர். தீய பழக்கம் எதுவும் இல்லாதவரையும் இது தாக்கும். இதில் 'ரப்டோமயோசர்கோமா' எனும் வகை பெரும்பாலும் சிறுவர்களிடமே காணப்படுகிறது.

அரிதாக இருப்பதே இந்நோயின் ஆபத்தை அதிகரிக்கிறது. தொடக்கத்தில் கட்டி வலிக்காமல் இருக்கலாம். ஈறு வீக்கம் போலவும் தோன்றலாம். அதனால், பலர் காலம் தாழ்த்திவிடுகின்றனர். கட்டியின் சிறு பகுதியை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தால்தான் உண்மை புலப்படும்.

மருத்துவர்களுக்கும் இது சவாலாக இருந்தது. ஒரு மருத்துவமனைக்குச் சில நோயாளிகளே வந்ததால், எந்தச் சிகிச்சை சிறந்தது என்று அறிய இயலவில்லை. எனவே, 1972ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவமனைகள் பல ஒன்றிணைந்து, ரப்டோமயோசர்கோமா பற்றிய கூட்டாய்வைத் தொடங்கின. அறுவைச் சிகிச்சை, கதிரியக்கச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகியவற்றை எவ்வாறு இணைப்பது என்பதை ஒப்பிட்டு அறிந்தன. 1970ஆம் ஆண்டளவில் இந்நோய் கண்டவர்களில் நால்வரில் ஒருவரே ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அந்நிலை மாறி, பத்தில் எழுவர் பிழைத்தனர்.

மருத்துவம் முன்னேறினாலும் முதல் அறிகுறியைக் காண வேண்டியவர்கள் நாமே. பல் துலக்கும்போது நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைக் கண்ணாடியில் பார்க்கலாம். மாற்றம் தென்பட்டால் பெற்றோரிடமோ பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவினரிடமோ தயங்காமல் கூற வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அன்று. ஆயினும், அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.