உயிரை விடுவிப்பது எப்போது புண்ணியம்?

எவ்வுயிரிடத்தும் அன்பு காட்ட வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. ஆகவே, அடைபட்ட பறவையைப் பறக்கவிடுவதும், கடையில் வாங்கிய ஆமையைக் குளத்தில் விடுவதும் புண்ணியச் செயல்கள் என நம்மில் சிலர் கருதுகின்றனர். அச்செயல் அவ்வுயிருக்கு உண்மையிலேயே நன்மை தருகிறதா என்பதை மூன்று உயிர்களைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, நாம் நாள்தோறும் காணும் சாம்பல் கழுத்துக் காகம். மலேசியாவில் காப்பித் தோட்டங்களின் புழுக்களை ஒழிப்பதற்கென 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. புழுவைத் தின்ன வந்த காகம் நகரத்துக் குப்பையை உண்டு பெருகி, சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னலாயிற்று. காப்பித் தோட்டங்கள் மறைந்தன, காகமோ நிலைத்துவிட்டது.

இரண்டாவது, ஜாவா மைனா. 1920களில் கூண்டுப் பறவையாகச் சிங்கப்பூருக்கு வந்த இது, இன்று தீவெங்கும் பரவியுள்ளது. ஆனால் அதன் தாயகமாகிய ஜாவாவிலோ, கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே அவ்வினம் அருகிவிட்டது. செல்லப்பிராணி வணிகம் ஓர் இனத்தை இருந்த இடத்தில் அழித்து, இல்லாத இடத்தில் பெருக்கியது எனலாம்.

மூன்றாவது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உடைய ஆமை. 'ரெட் இயர்ட் ஸ்லைடர்' எனப்படும் இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்பகுதி. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தபின் ஓர் அடி நீளத்தை எட்டக்கூடும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கேட்டு வாங்கிய பிள்ளை படித்து முடித்து வேலைக்குச் சென்ற பின்னும் ஆமை தொட்டியில் இருக்கும். அப்போதுதான் பலருக்கு நீர்த்தேக்கமும் குளமும் நினைவுக்கு வருகின்றன. அங்கு விடப்படும் ஆமை, பழக்கமில்லாத இடத்தில் இரை தேடத் தெரியாமல் மாளலாம். பிழைத்தாலோ உள்ளூர் ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997ஆம் ஆண்டிலேயே இதன் இறக்குமதியைத் தடை செய்தது.

சிங்கப்பூரில் இவ்வாமையை வீட்டில் வளர்க்கலாம். வெளியே விடுதல் ஆகாது. 2020 ஜூன் முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி விலங்குகளை விடுவிப்போருக்கு முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். விசாக தினத்தையொட்டி அதிகாரிகளும் தொண்டூழியர்களும் இதனை மக்களுக்கு எடுத்துரைத்து வருகின்றனர்.

வெளியே விடுவதற்குச் சட்டம் இருப்பதைப் போலவே, உள்ளே கொண்டுவருவதற்கும் உண்டு. தமிழகத்திலும் இலங்கையிலும் வாழும் நட்சத்திர ஆமை பயணப் பெட்டிகளில் ஒளித்து நம் வட்டாரத்திற்குக் கடத்தப்படுவதுண்டு. காட்டில் பிடித்து அனைத்துலக அளவில் விற்பதற்கு 2019ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. மலேசியாவிலும் 2008, 2010ஆம் ஆண்டுச் சட்டங்கள் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. வாங்குவோர் இருக்கும்வரை கடத்துவோரும் இருப்பர் என்பதை நாம் உணர வேண்டும்.

பெற்றோர்கள் மூன்றை மனத்தில் கொள்வது நலம். ஒன்று, பிராணியின் ஆயுளையும் வளரும் அளவையும் அறியாமல் வாங்கக்கூடாது. இரண்டு, வளர்க்க இயலாதபோது பொறுப்புள்ள வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று, நேர்த்திக்கடன் என்ற பெயரிலும் குளத்தில் விடலாகாது. விடுவிப்பதற்காகவே வாங்கினால், அடுத்த உயிரைப் பிடித்துவரக் கடைக்காரருக்கு நாமே பணம் தந்தவர்களாவோம்.

திருமால் கூர்மமாக அவதரித்து மந்தர மலையைத் தாங்கினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஏற்ற பாரத்தைக் காரியம் முடியும்வரை சுமப்பதே அதில் உள்ள பாடம். வீட்டிற்குக் கொண்டுவந்த ஓர் உயிரை அதன் இறுதிநாள் வரை பேணிக் காப்பதே மெய்யான ஜீவகாருண்யம்.