உடல்நலக் குறிப்பின் நகலைக் கேட்டுப் பெறுதல்

சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் நகலைப் பெற்றுப் பெட்டியில் பத்திரப்படுத்துவது குடியானவர் வழக்கம். நிலத்தின் கணக்கு சர்க்கார் வசம் இருந்தாலும், நகல் உடையவர் கையில் இருந்தால்தான் வழக்கு நேரும்போது உதவும். நம் உடலைப் பற்றிப் பிறர் எழுதி வைத்துள்ள குறிப்புகளுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில், குடிகாட்டையும் அதனை அடுத்த ஊர்களையும் ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டையின் இரசாயன ஆலைகள் அமைந்துள்ளன. இத்தகைய ஆலையில் வேலை செய்பவருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூச்சு நோயோ தோல் நோயோ கண்டால், அது வேலையினால் வந்ததா என்ற கேள்வி எழும். வேலையில் சேர்ந்தபோது அவர் உடல் எவ்வாறு இருந்தது, பின்னர் எவ்வாறு மாறியது என்பதைக் காட்டும் மருத்துவப் பரிசோதனைக் குறிப்பே அப்போது தக்க சாட்சியாகும். சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும், நஷ்டஈடு கோருவதற்கும் அது வேண்டியதாகும்.

சட்டம் கூறுவது

1984 டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னர், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில் நடைபெறும் ஆலைகள், நச்சுப் பொருள்களுக்கு ஆளாகும் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளைச் சரிவர வைத்திருத்தல் வேண்டும். விதிகளுக்கு உட்பட்டு, தொழிலாளர் அவற்றைப் பார்க்க இடமளித்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அச்சட்டத்திற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கடமை இடம்பெற்றுள்ளது.

கேட்கும் முறை

வாய்மொழியாகக் கேட்பது போதாது. பெயர், வேலை எண், வேலை செய்த பிரிவு, காலம், வேண்டும் குறிப்புகள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, ஆலை நிர்வாகிக்கு விண்ணப்பம் கொடுத்தல் வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவர் அவர் பெயரையும் குறிப்பிடுதல் நன்று. விண்ணப்பத்தின் மறுபிரதியில் தேதியுடன் கையொப்பம் பெறுக. வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்க.

பதில் வராவிடில், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திற்கு எழுதலாம். தனியார் ஆலை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நேரே வருவதில்லை. ஆயினும், ஓர் அரசு அலுவலகம் வேறொரு சட்டத்தின்படி தனியாரிடமிருந்து பெறக்கூடிய தகவலை, அவ்வலுவலகத்தின் வழியே கேட்க 2005-ஆம் ஆண்டின் அச்சட்டம் இடந்தருகிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர் சான்று காட்டினால் கட்டணம் இல்லை. 30 நாட்களில் பதில் வருதல் வேண்டும். வராவிடில் அடுத்த 30 நாட்களுக்குள் மேலதிகாரியிடம் முறையீடு செய்யலாம்.

உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலும் நகல் கேட்கலாம். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளை 3 ஆண்டுகள் வைத்திருத்தல் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தருதல் வேண்டும். ஆதலின் காலங்கடத்தாமல் கேட்பதே அறிவுடைமை.

கணினியில் சேர்த்து வைக்கப்படும் விவரங்களுக்காக 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி எவ்விவரங்களை வைத்துள்ளது, யாருக்குக் கொடுத்துள்ளது என்று கேட்கும் உரிமையை அது அளிக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இவ்வுரிமை அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமெனக் குறிக்கப்பட்டுள்ளது.

பஞ்சாயத்தின் பங்கு

எழுதப் படிக்க இயலாதவருக்கு விண்ணப்பம் எழுதித் தருதல் பஞ்சாயத்து உறுப்பினர் செய்யத்தக்க எளிய தொண்டாகும். மே 1-ஆம் நாள் தொழிலாளர் தினத்தன்று கூடும் கிராம சபையில் இம்முறையை அனைவருக்கும் விளக்கிக் கூறலாம். ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளுதல் வேண்டும். ஒருவருடைய நோய்க்குறிப்பு அவருக்கே உரியது. அவர் சம்மதமின்றி அதனைச் சபையில் படிப்பதும் பிறரிடம் காட்டுவதும் தகாது. நகலை அவர் கையில் சேர்ப்பிப்பதுடன் உறுப்பினரின் கடமை நிறைவுறும்.