கிணற்று நீரைப் பரிசோதித்தல்

கமக்காரர்களே,

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கற்பாறையில் தங்கிய மழைநீரையே. மலக்குழிக் கசிவிலும், மிகையாக இட்ட எருவிலும் யூரியாவிலும் உள்ள நைதரசன், நைத்திரேற்றாக மாறி, அப்பாறையின் வெடிப்புகள் வழியே கிணற்றை அடைகின்றது.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மிஞ்சிய நீரிற் கரைத்த பால்மாவை அருந்தும் கைக்குழந்தையின் குருதி, ஓட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

செய்ய வேண்டியவை:

1. கோடை இறுதியில் ஒரு முறையும், மாரி மழையின் பின் ஒரு முறையும் நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். தூய போத்தலை அந்நீராலேயே மும்முறை அலசி நிரப்பி, குளிரில் வைத்து, அன்றே ஆய்வுகூடத்திற் சேர்க்க.

2. 50 மில்லிகிராம் அளவுள்ள நீர் 1,000 இலீற்றரில், ஏறக்குறைய 25 கிராம் யூரியாவுக்கு ஒப்பான நைதரசன் உண்டு. இறைக்கும் நீருக்கேற்ப மேற்பசளையைக் குறைத்துக்கொள்க.

3. யூரியாவைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடுக. பெருமழைக்கு முன் இடற்க. எருக்குவியலைக் கிணற்றுக்கு அருகில் வைக்கலாகாது.

பாறைக்கு வேலியில்லை. ஒருவர் தோட்டத்தில் மிஞ்சிய பசளை அயலவர் கிணற்றையும் சென்றடையும்.