விளக்கை விளக்குதல்

'விளக்கு' என்னும் சொல் தமிழில் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். ஒளி தரும் பொருள் விளக்கு. பல்லைத் துலக்குவதும் பாத்திரத்தைத் தேய்த்துத் தூய்மை செய்வதும் விளக்குதல். பாடத்தைத் தெளிவுபடுத்துவதும் விளக்குதலே. வீடு பெருக்கும் துடைப்பத்திற்கு விளக்குமாறு என்ற பெயர் உண்டு. 'மாறு' என்பதும் துடைப்பத்தையே குறிக்கும்.

தில்லிக்கும் மும்பைக்கும் குடிபெயர்ந்த தமிழர் இல்லங்கள் பலவற்றில் பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது. திருக்கார்த்திகைக்கு முன்பு அதனைக் கழற்றி விளக்குவர். அவ்விளக்கில் இருவகை அழுக்கு உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஒருவகை. மற்றது உலோகமே நிறம் மாறுவதால் வருவது. பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து கறுக்கும். நாள்பட்டால் பச்சைக் களிம்பு ஏறும்.

புளியால் பிசுக்குப் போகாது; எண்ணெயின்மேல் அது வழுக்கிச் செல்லும். ஆகவே முன்னோர் முதலில் விறகுச் சாம்பலையோ சீயக்காய்த் தூளையோ தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தனர். சாம்பலின் காரத்தன்மை எண்ணெயை அகற்றும். அடுக்குமாடி வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது! பாத்திரம் துலக்கும் சோப்பே போதும். அதனைக் கழுவிய பின்னரே ஊறவைத்த புளியில் சிறிது உப்பிட்டுத் தேய்த்தல் வேண்டும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த படலத்தைக் கரைக்க, பித்தளையின் மஞ்சள் நிறம் வெளிப்படும். பின்னர் நன்கு கழுவி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரம் நின்றால் மீண்டும் கறை படியும்.

வெளியே நன்மை செய்யும் இப்புளி, பாத்திரத்தின் உள்ளே தீங்கு செய்யும். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு குழம்பில் கரையும். உண்பவருக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரும். இதனைத் தடுக்கவே உட்புறத்தில் ஈயம் பூசுவர். கலாய் பூசுதல் என்பதும் அதுவே. பூசப்படுவது வெள்ளீயம், நஞ்சாகிய காரீயம் அன்று.

சாம்பலையும் புளியையும் ஒன்றாகக் கலந்தால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடக்கும். பயன் குறையும், அவ்வளவே. கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தைப் பிளீச்சிங் பவுடருடன் கலப்பது அத்தகையதன்று. அக்கலவையிலிருந்து குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். கண் எரியும், மூச்சு முட்டும். தவறிக் கலந்துவிட்டால் அங்கே நில்லாது உடனே வெளியேறிப் பெரியோரை அழைத்தல் வேண்டும்.

பயிற்சி

1. 'விளக்கு' என்னும் சொல் பெயராகவும் வினையாகவும் வருமாறு இரண்டு தொடர்கள் எழுதுக.
2. புளி தேய்ப்பதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவது ஏன்?
3. வெள்ளீயம், காரீயம்: பாத்திரத்தில் பூசுவது எது?
4. வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் சிறுவயதில் பாத்திரம் விளக்கப் பயன்படுத்திய பொருள்களைக் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.