நெருக்கடியும் அதன் கடிவாளமும்

சென்ற பருவத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில், என் அறையில் தங்கியிருக்கும் தம்பி மயங்கி விழுந்தார். வாந்தி, எழுந்து நிற்க முடியாத தலைசுற்றல். தேர்வுப் பயம் என்றே நாங்கள் எண்ணினோம். மருத்துவர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, என்ன மாத்திரை சாப்பிட்டு வந்தார் என்று கேட்டார். தோலரிப்புக்காக ஆறு மாதமாக மருந்துக் கடையில் தாமே வாங்கி விழுங்கிவந்த ஸ்டீராய்டு மாத்திரையை, முகம் உப்பிவிட்டதென்று, ஒரு வாரத்துக்கு முன் அவர் அடியோடு நிறுத்தியிருந்தார். நானோ உயிர்வேதியியல் படிக்கிறவன். பக்கத்துக் கட்டிலில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்ற வெட்கமே என்னை எழுத வைக்கிறது.

நம் இரு சிறுநீரகங்களின்மேலும் குல்லாய் கவிழ்த்தாற்போல அட்ரினல் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் எடைதான். நெருக்கடி வந்ததும் நரம்பின் கட்டளையால் இவற்றின் உட்பகுதி நொடிப்பொழுதில் அட்ரினலினைச் சொரிகிறது, நெஞ்சு படபடக்கிறது. வாய்மொழித் தேர்வுக்குக் கதவோரம் காத்து நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது பின்னால் வரும் படையை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் ஒரு ஹார்மோனை அனுப்பிப் பட்டாணி அளவேயான பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. (இந்த ஹார்மோனின் அமைப்பை வைலி வேல் குழுவினர் 1981-இல்தான் கண்டறிந்தனர்.) பிட்யூட்டரி மற்றொரு ஹார்மோனை இரத்தத்தில் விட, அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதி கார்டிசாலைச் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் தாழாமல் காப்பது இதுவே. இனித்தான் விந்தை. தொட்டி நிரம்பியதும் மிதவை எழும்பிக் குழாயை அடைப்பதுபோல, கார்டிசாலே மூளைக்குச் சென்று, "போதும், கட்டளையை நிறுத்து" என்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரையும் கார்டிசாலின் சாயல் உடையதே. மூளைக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. மாதக்கணக்கில் "போதும்" என்றே கேட்டுக் கட்டளையை நிறுத்திவிடுகிறது; வேலையற்ற அட்ரினல் புறப்பகுதி சுருங்கிப் போகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயும் சுரக்கவில்லை. உறங்கிய சுரப்பி விழிக்க வாரங்கள், சிலருக்கு மாதங்களும் ஆகும். அதற்குள் காய்ச்சலோ அறுவையோ வேறு நெருக்கடியோ வந்தால் உயிருக்கே கேடு.

மருந்தை நான் பழிக்கவில்லை. இவ்வகை ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்தோரை எழுந்து நடக்க வைத்த மருந்து இது. நண்பர்களே, உங்களில் எவரேனும் இதைச் சில வாரங்களுக்கு மேல் உண்டு வந்தால், தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்.

தம்பிக்கும் அவ்வாறே குறைத்து வருகிறார்கள். தாம் ஸ்டீராய்டு உண்பதைத் தெரிவிக்கும் துண்டுச்சீட்டு ஒன்றை அவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். இவ்வூரார் படிக்கும்படி அதை இந்தியில் எழுதிக் கொடுத்தவன் நான். இரண்டு எழுத்துப்பிழைகளை விடுதிச் சமையற்காரர் திருத்தினார்.