உடன் செல்வோம்

ஏலப்பாறையில் சமநிலம் அரிது. கடைத்தெருவை விட்டு எப்பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லையேல் இறக்கம். தோட்டத்து லயங்களுக்குச் செல்லும் வழிகளுள் பல கற்படிகளாகவும் ஒற்றையடிப் பாதைகளாகவும் உள்ளன. நம் பாட்டிமார் கொழுந்து சுமந்து ஏறி இறங்கிய வழிகள் இவை. கால்கள் செயலிழந்த ஒருவர் இவ்வழியே பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ செல்லவேண்டுமாயின், பிறர் தோளில்தான் செல்லவேண்டும். தோள் கொடுப்பார் இல்லாத நாளில் அவர் வீட்டிலேயே இருப்பார். மாற்றுத்திறனாளிகள் நம் கண்ணில் மிகுதியாகப் படாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் உலக மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1992ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை இதனை அறிவித்தது. அந்நாளையொட்டிப் பல ஊர்களில் விழிப்புணர்வு நடை நிகழும்; நன்கொடை திரட்டுவதும் உண்டு. நாம் ‘மாற்றுத்திறனாளி’ என்பதை மலையாளத்தார் ‘பின்னசேஷி’க்காரர் என்பர். வேறுபட்ட ஆற்றல் என்பதே அச்சொல்லின் பொருள். இரு மொழியும் அறிந்த உங்களுக்கு இவ்வொற்றுமை எளிதில் விளங்கும்.

இத்தகைய பயணங்களுள் பெரும்புகழ் பெற்றது கனடா நாட்டு ரிக் ஹேன்சனுடையது. பதினைந்து வயதில் ஊர்தி விபத்தில் தண்டுவடம் அடிபட்டு அவர் கால்கள் செயலிழந்தன. 1985ஆம் ஆண்டு மார்ச்சு 21 அன்று, வான்கூவர் நகரிலிருந்து சக்கர நாற்காலியில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். 34 நாடுகள், 40,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு, அனைத்தையும் தம் கைகளாலேயே சக்கரத்தை உந்திக் கடந்தார். ஏலப்பாறை ஏற்றத்தில் மிதிவண்டியைத் தள்ளிச் சென்றவர்க்கே அவ்வுழைப்பின் அளவு புரியும். 1987ஆம் ஆண்டு மே 22 அன்று அவர் திரும்பியபோது, தண்டுவட ஆராய்ச்சிக்கும் மாற்றுத்திறனாளிகள் நலனுக்குமாக 2 கோடியே 60 இலட்சம் டாலர் திரண்டிருந்தது.

நம் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்திலும் இத்தகைய ஒருவர் உள்ளார். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டில் கடற்படைப் பணிக்கான உடல்திறன் தேர்வில் கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ஊர் திரும்பிய அவர் 1981ஆம் ஆண்டில் ‘அமர் சேவா சங்கம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஓலைக்கூரையின் கீழ்ச் சில குழந்தைகளுடன் தொடங்கிய அப்பள்ளி இன்று பெரிய மறுவாழ்வு மையமாக வளர்ந்துள்ளது. 2020ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்விருவரும் பிறர் தமக்காக நடக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆகவே நம் ஊரில் நடை நிகழுமாயின், எவருக்காக நடக்கிறோமோ அவரும் வரக்கூடிய வழியை முதலில் தேர்ந்தெடுத்தல் வேண்டும். செங்குத்தான குறுக்குவழி ஆகாது. தார்ச்சாலையில் சற்றே சமமான பகுதி போதும். தொலைவு குறைந்தால் குறையட்டும். சக்கர நாற்காலியில் வருவோர் முன்னே செல்ல, அவர்தம் வேகத்திலேயே ஏனையோர் செல்லவேண்டும். உதவ விரும்பினால், “உதவட்டுமா?” என்று கேட்டபின்பே நாற்காலியைத் தொடுக. வெண்கோல் ஏந்தி வருபவரின் கையைப் பற்றி இழுத்தல் தவறு. உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ள நீட்டுக. செவித்திறன் குறைந்தவரிடம் முகம் நோக்கிப் பேசுக. பலர் உதட்டசைவைக் கண்டே சொல்லை உணர்வர். சில குறைபாடுகள் வெளியே தெரியா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்படும் கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. உங்கள் பக்கத்து இருக்கை மாணவரும் அவ்வாறு இடர்ப்படுபவராக இருக்கலாம்.

நடை முடிந்த மறுநாள் தட்டிகள் மூலையில் சாய்த்து வைக்கப்படும். பள்ளி வாயிற்படிகளோ அங்கேயே இருக்கும். படிகளின் அருகே சாய்தளம் அமைத்தால் சக்கர நாற்காலி ஏறும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறு அங்குல உயரமுள்ள மூன்று படிகள் இருந்தால் மொத்த உயரம் ஒன்றரை அடி. எனவே சாய்தளத்தின் நீளம் 18 அடி. பல இடங்களில் நான்கைந்து அடியில் சிமெண்ட் பூசி முடித்துவிடுவர். அதில் நாற்காலி ஏறாது. ஏறினாலும் பின்னோக்கிச் சாயும். திரட்டிய நன்கொடையை இப்பணிக்குச் செலவிடலாம். வரவையும் செலவையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் நன்று.

அருஞ்சொற்பொருள்
சாய்தளம் – சரிவாக அமைத்த பாதை
வெண்கோல் – பார்வையற்றோர் ஏந்தும் வெண்ணிறக் கைத்தடி
தண்டுவடம் – முதுகெலும்பினுள் செல்லும் நரம்புத் தொகுதி

பயிற்சி
1. ரிக் ஹேன்சனின் பயணம் எத்தனை நாடுகளைக் கடந்தது?
2. வெண்கோல் ஏந்தி வருபவருக்கு எவ்வாறு உதவவேண்டும்?
3. உங்கள் லயத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ பள்ளிவரை உள்ள வழியை வரைந்து, சக்கர நாற்காலி செல்ல இயலாத இடங்களைக் குறிக்க.
4. பள்ளி வாயிற்படிகளின் உயரத்தை அளந்து, சாய்தளத்தின் நீளத்தைக் கணக்கிடுக. அதனைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.