முன்கோபம் இரத்தத்தில் வருவதா?

கிள்ளானிலும் மேருவிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. முதலாளி யாரிடமாவது சீறி விழுந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவர் சமாதானம் சொல்லுவார்: "பாய் தங்கமானவர்தான். அவர் வாப்பாவும் இப்படித்தான். அது பரம்பரைக் கோபம்." இந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

நாம் வாழும் இந்த நாட்டிலேயே இதற்கொரு பழைய வழக்கு இருக்கிறது. 'அமோக்' என்று இங்கிலீஷ் அகராதியிலும் ஏறிவிட்ட சொல் மலாய்ச் சொல்தான். மனம் நொந்து வாய்மூடிக் கிடந்த ஒருவன் திடீரென்று ஆயுதமெடுத்து, எதிர்ப்பட்டவரையெல்லாம் தாக்குவதற்கு அந்தப் பெயர். சிங்கப்பூரில் அரசாங்க மனநோய் விடுதியின் தலைவராயிருந்த டாக்டர் கில்மோர் எல்லிஸ் 1893-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் இதனை மலாய் இனத்தின் சுபாவம் என்றே கருதினார்கள். ஆனால் 20-ம் நூற்றாண்டில் இது வெகுவாக அருகிவிட்டது. இரண்டொரு தலைமுறையில் இரத்தம் மாறிவிடுமா? மாறியவை ஊரும், சட்டமும், வாழ்க்கையுமே. மேலும் இத்தகைய வெறி மற்ற நாட்டு மக்களிடமும் காணப்பட்டிருக்கிறது.

அப்படியானால் பரம்பரைக்குப் பங்கே இல்லையா? உண்டு. இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு ஐம்பது ஆண்டுகளாக நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி 2015-ல் ஒரு பெருங்கணக்கு வெளியாயிற்று. உடல், மனம் சம்பந்தமான எல்லாத் தன்மைகளையும் சேர்த்துப் பார்த்தால், மனிதருக்கு மனிதர் காணும் வேற்றுமையில் சராசரி 49 சதவிகிதம் மரபணுவைச் சார்ந்தது என்றது அது. இதைக் கொண்டு, "என் கோபத்தில் பாதி வாப்பாவுடையது" என்று பாகப்பிரிவினை செய்துகொள்ள முடியாது. பலரிடையே உள்ள வேற்றுமையைப் பற்றிய கணக்கு இது. தனி ஒருவரின் கோபத்தை அளக்கும் தராசு அல்ல. கோபத்திற்கென்று தனியாக ஒரு மரபணுவும் இல்லை. சிறு சிறு பங்களிக்கும் எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்துதான் ஒருவரது சுபாவம் அமைகிறது.

விதிவிலக்காக ஒரு குடும்பம் உண்டு. 1993-ல் ஹாலந்து டாக்டர் ஹான்ஸ் புரூனரும் அவருடைய சகாக்களும், ஆண்கள் பலர் கட்டுமீறிய ஆவேசம் கொண்டிருந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு அறிவு வளர்ச்சியிலும் குறை இருந்தது. மூளையின் இரசாயனங்களைச் சிதைக்கும் 'மோனோ அமீன் ஆக்ஸிடேஸ் ஏ' என்ற நொதி அவர்களிடம் வேலை செய்யவில்லை. அதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் மகனுக்கு அது உம்மாவிடமிருந்தே வருகிறது. பாவம், இதில் வாப்பா மீது பழியே இல்லை! இக்குறை மிக மிக அபூர்வமானது. நம் கடைத்தெருவில் அதைத் தேட வேண்டியதில்லை.

நமக்கு வேண்டிய பாடம் நியூஸிலாந்திலிருந்து கிடைக்கிறது. டனீடின் நகரில் 1972, 1973-ல் பிறந்த பிள்ளைகளை ஆண்டாண்டாகக் கவனித்து வந்தவர்கள் 2002-ல் எழுதினார்கள்: அதே நொதி குறைவாகச் சுரக்கும் மரபணு அமைப்புடைய ஆண் பிள்ளைகளில், சிறு வயதில் கொடுமைக்கு உள்ளானவர்களே பிற்காலத்தில் அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள். அதே மரபணு அமைப்பிருந்தும் அன்பாக வளர்க்கப்பட்டவர்களிடம் அந்த வேற்றுமை காணவில்லை. பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவு தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் அடியும் வசையும் பிள்ளையைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை.

நம்மில் பலர் மகனைப் பள்ளிவிட்டதும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். பாக்கி கேட்கும்போது வாப்பாவின் குரல் எவ்வளவு ஏறுகிறது, வேலைக்காரப் பையனை எந்த வார்த்தையால் அழைக்கிறார் என்பதையெல்லாம் அவன் அங்கேதான் பார்க்கிறான். இருபது வயதில் அவனும் அப்படியே சீறினால், "இரத்தம் பேசுகிறது" என்கிறார்கள். இரத்தம் பேசியதா, கல்லா பேசியதா என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. நின்றுகொண்டிருக்கும்போது கோபம் வந்தால் உட்காரும்படி நபி பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். கோபம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதில் இல்லை. கடையில் நமக்கு நாற்காலி பக்கத்திலேயே இருக்கிறது.